விழாவிட்டால் யாருக்கு? பரிசுச்சீட்டின் தருமக் கணக்கு

'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்னும் வாசகம் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையின் நாவில் குடியிருந்தது. அறிஞர் அண்ணா முதலமைச்சராக இருந்த 1968ஆம் ஆண்டில் தமிழக அரசின் பரிசுச்சீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2003 ஜனவரியில், செல்வி ஜெயலலிதாவின் அரசு லாட்டரிச் சீட்டு விற்பனை முழுவதையும் மாநிலத்தில் தடைசெய்தது. சீட்டு போயிற்று, வாசகம் போகவில்லை. கருவூலத்தில் பணமுடை என்ற செய்தி வரும்போதெல்லாம் பரிசுச்சீட்டை மீண்டும் கொண்டுவந்தால் என்ன என்று எவரேனும் கேட்கிறார்கள். 2021 ஜூலையில் அப்படியொரு பேச்சுக் கிளம்பி, அவ்வெண்ணம் அரசுக்கு இல்லை என்று அன்றைய நிதியமைச்சர் மறுக்க வேண்டியதாயிற்று. இப்பேச்சு எழும்போதெல்லாம் அதற்குத் துணையாக வருவது வாசகத்தின் பின்பாதிதான். ஏழை நோயாளிக்கு மருந்தாகவும் ஆதரவற்றோருக்கு உணவாகவும் போய்ச் சேரும் பணத்தை ஏன் பழிக்க வேண்டும் என்று கேட்போர் நம் சமுதாயத்திலும் உளர். படித்தவர்களிடையே சற்று அதிகமாகவே உளர்.

மின்பரில் நின்று 'ஹராம்' என்ற ஒரு சொல்லோடு இறங்கிவிடுவது இவர்களுக்கு விடையாகாது. அவர்கள் சூதாட்டத்தின் ஹுக்மைக் கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தெரியும். அதன் வருவாய் நற்காரியங்களுக்குப் பங்கிடப்படும்போது ஹுக்மின் காரணம் தளர்ந்துபோகாதா என்றே கேட்கிறார்கள். கேள்வி தகுதியானது. ஆகவே வாசகத்திலிருந்தே தொடங்குகிறோம்.

இலக்கணம் பயின்றோர் ஒரு தொடரில் முதலில் தேடுவது எழுவாயை. வீட்டுக்குப் போவது எது? பரிசுத் தொகை. நாட்டுக்குப் போவது எது? பரிசன்று, சீட்டு வாங்கியவர் கொடுத்த காசு. ஆக, இரு பாதிகளுக்கும் வெவ்வேறு எழுவாய்கள். இரண்டும் தொக்கி நிற்கின்றன. வீட்டுக்கு, நாட்டுக்கு என்ற ஓசை ஒற்றுமை, ஒரே பொருள்தான் இங்குமங்கும் செல்கிறது என்ற மயக்கத்தைக் கேட்பவருக்கு உண்டாக்குகிறது. பரிசு நமக்கு வந்தால் நமது, வராவிட்டால் பொதுநலத்துக்கு. இழந்தவர் எவரும் இல்லை. 'இழப்பு' என்ற கருத்துக்கே அத்தொடரில் இடமில்லாமற் போனதுதான் அதன் திறமை. உண்மையோ வேறு. விழாதவர்களின் காசு முதலில் போவது விழுந்தவரின் வீட்டுக்கு. அதன்பின் முகவருக்கு, சில்லறை விற்பனையாளருக்கு, அச்சுக்கும் விளம்பரத்துக்கும். இவையெல்லாம் போக எஞ்சியதே நாட்டுக்கு.

அந்த எஞ்சியதும் 'நாட்டில்' எங்கே போகிறது? 1998ஆம் ஆண்டின் லாட்டரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் மாநில அரசுகள் நடத்தும் லாட்டரிகளுக்குப் பல நிபந்தனைகளை விதித்தது. சீட்டை அரசே அச்சிட வேண்டும். குலுக்கலை அரசே நடத்த வேண்டும். விற்பனைப் பணம் அரசின் பொதுக்கணக்கில் சேர வேண்டும். ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக்கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. (வாரத்தில் ஏழு நாளுக்கு ஏழு பெயர்களில் லாட்டரி நடத்தினால் இக்கடைசி நிபந்தனை என்னவாகும் என்பதைக் கேரளத்தின் நாட்காட்டியைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.) ஆனால் எந்த அறத்துக்கு எவ்வளவு என்ற பங்கீட்டை அச்சட்டம் விதிக்கவில்லை. பணம் பொதுக்கணக்கில் விழுந்த பிறகு அது சாலைக்கும் போகலாம், சம்பளத்துக்கும் போகலாம், கடன் வட்டிக்கும் போகலாம். இந்திய லாட்டரிச் சட்டத்தில் 'நற்காரியம்' என்பது விளம்பரத்தின் மொழியேயன்றிக் கணக்கேட்டின் தலைப்பன்று.

சீட்டு வாங்கியவர் அறியாத 'நற்காரியங்களும்' உண்டு. தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் செல்லாதென அறிவித்து, விவரங்களை வெளியிடச் செய்தபோது, பத்திரங்களை மிகுதியாக வாங்கியது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு லாட்டரி விற்பனை நிறுவனம் என்பது தெரியவந்தது. தொகை 1,368 கோடி ரூபாய். பெற்ற கட்சிகள் பல. ஒன்றையொன்று பழிக்க எவருக்கும் இடமில்லை. இதைச் சட்ட மீறல் என்று நாம் சொல்லவில்லை; அன்றைய சட்டம் அதற்கு வழிவிட்டிருந்தது. 'விழாவிட்டால் நாட்டுக்கு' என்று நம்பியவரின் காசு கைமாறிச் செல்லும் தூரத்தைக் காட்டவே குறிப்பிடுகிறோம்.

அண்டை மாநிலமான கேரளத்தின் கதை இதைவிட மேம்பட்டது. நேர்மையாகச் சொல்வதாயின் மிகவும் மேம்பட்டது. 1967இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு சாஹிப்தான் அங்கே அரசு லாட்டரித் துறையைத் தோற்றுவித்தவர். அவர் நம் சமுதாயத்தவர் என்பதை மலையாள நண்பர்கள் ஒரு புன்னகையோடு நமக்கு நினைவூட்டுவதுண்டு. ஒரு ரூபாய்ச் சீட்டு, 50,000 ரூபாய் முதற்பரிசு என்று முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. 2011இல், கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்த காலத்தில், 'காருண்யா' என்ற பெயரில் ஒரு லாட்டரி தொடங்கப்பட்டு, அதன் வருவாய் ஏழைகளின் பெருநோய்ச் சிகிச்சைக்கென்று ஒதுக்கப்பட்டது. புற்றுநோய், இதயநோய், சிறுநீரக நோய், ஹீமோஃபீலியா ஆகியவற்றால் வாடிய குடும்பங்கள் பல அந்நிதியால் உயிர்த்தன. இந்தியாவில் லாட்டரிப் பணத்தை ஒரு குறிப்பிட்ட அறத்தோடு பிணைத்த முயற்சிகளில் இது முதன்மையானது. பரிசுச்சீட்டை ஆதரிப்போர் காட்டும் வலிமையான சான்றும் இதுவே. 'காருண்யாவால் பிழைத்த நோயாளியிடம் போய் ஹராம் என்று சொல்வீர்களா?' என்ற கேள்விக்குப் பின்னர் வருவோம்.

பங்கீட்டைச் சட்டத்திலேயே எழுதி வைத்த நாடு பிரிட்டன். அங்கே 1993இல் சட்டம் இயற்றப்பட்டு, 1994 நவம்பரில் தேசிய லாட்டரி தொடங்கியது. முதல் உரிமக் காலத்தில் ஒரு பவுண்டில் ஏறத்தாழ 50 பென்ஸ் பரிசுக்கு, 28 பென்ஸ் நற்காரியங்களுக்கு, 12 பென்ஸ் வரிக்கு, மீதம் விற்பனையாளருக்கும் நடத்துநருக்கும் என்று பகிரப்பட்டது. அந்த 28 பென்ஸ் கலை, விளையாட்டு, மரபுச்சின்னம், தொண்டு நிறுவனங்கள், புத்தாயிரமாண்டுக் கொண்டாட்டம் என்னும் ஐந்து தலைப்புகளுக்குச் சமமாகப் பிரிக்கப்பட்டது. அரசு தன் கடமையாகச் செய்ய வேண்டியதற்கு மாற்றாக அன்றி, அதற்கு மேலதிகமாகவே இப்பணம் செலவாக வேண்டும் என்பது கொள்கை. கொள்கை நன்று. ஆனால் 1995இலேயே இரண்டு பூசல்கள் எழுந்தன. வின்ஸ்டன் சர்ச்சிலின் கடிதங்களையும் ஆவணங்களையும் அவர் குடும்பத்தாரிடமிருந்து வாங்க ஒரு கோடியே இருபது லட்சம் பவுண்டுக்கு மேல் லாட்டரி நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. லண்டனின் ராயல் ஆப்பரா அரங்கைப் புதுப்பிக்க ஏழு கோடிப் பவுண்டுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. சீட்டு வாங்குவோரில் எத்தனை பேர் ஆப்பரா பார்க்கப் போகிறவர்கள் என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் கேட்டன. 1998இல் நலவாழ்வு, கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்கென ஆறாவது தலைப்பொன்று சேர்க்கப்பட்டபோது, அவை அரசின் வரிப்பணத்தில் நடக்க வேண்டியவை அல்லவா என்ற எதிர்க்கேள்வி பிறந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸுக்காக மற்றத் தலைப்புகளின் பணம் திருப்பப்பட்டபோது சிறு தொண்டு அமைப்புகள் முறையிட்டன.

இவ்விவாதங்களைப் படிக்கும்போது நமக்கு ஒன்று புலனாகிறது. பங்கீடு செம்மையானதாக இல்லை என்பது அவர்கள் குறை. செம்மையான பங்கீடு ஒன்று வாய்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அப்படியொரு பங்கீடு வரலாற்றில் இருந்ததா? இருந்தது. பரிசில் ஒரு துண்டைக்கூட வென்றவர் உண்ணாமல், முழுவதும் வறியோருக்குச் சென்ற சூதாட்டம் ஒன்று இருந்தது. திருக்குர்ஆன் தடைசெய்த மைஸிர் அதுவே.

ஜாஹிலிய்யாக் கால அரபிகளின் மைஸிர் எப்படி நடந்தது என்பதை ஸமக்‌ஷரீ தம் 'அல்கஷ்ஷாஃப்' விரிவுரையில் 2:219ஆம் வசனத்தின் கீழ் விளக்குகிறார். இப்னு குதைபா இதற்கென்றே தனிநூல் எழுதியிருக்கிறார். பத்து அம்புகள். ஏழுக்குப் பங்கு உண்டு: ஃபத்துக்கு ஒன்று, தவ்அமுக்கு இரண்டு, ரகீபுக்கு மூன்று என்று ஏறி முஅல்லாவுக்கு ஏழு. மனீஹ், ஸஃபீஹ், வஃக்த் ஆகிய மூன்றும் வெறும் அம்புகள். ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பத்துக் கூறாக்குவர். இருபத்தெட்டுக் கூறு என்போரும் உண்டு. ஏழு அம்புகளின் பங்குகளைக் கூட்டினால் இருபத்தெட்டே வருகிறது. நம்பிக்கைக்குரிய ஒருவர் அம்புகளைப் பையிலிட்டுக் குலுக்கி, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒன்றாக உருவுவார். பங்குள்ள அம்பு வந்தவர் பங்கைப் பெறுவார். வெறும் அம்பு வந்தவர்கள் ஒன்றும் பெறாததோடு ஒட்டகத்தின் விலையையும் தலையில் சுமப்பர். இனித்தான் முக்கியமான செய்தி: வென்றவர்கள் அவ்விறைச்சியை உண்பதில்லை, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவர். கொடுத்ததைச் சொல்லிப் பெருமிதம் கொள்வர். ஆட்டத்தில் சேராதவனை 'பரம்' என்று இகழ்வர். கஞ்சன், ஊரோடு ஒட்டாதவன் என்பது அச்சொல்லின் குறிப்பு.

பாலையில் பஞ்சக்காலத்தில் ஏழையின் அடுப்பு எரிந்தது மைஸிரால்தான் என்று சொன்னால் அது மிகையாகாது. இதனை மனத்தில் கொண்டு 2:219ஐ ஓதினால், மதுவிலும் மைஸிரிலும் மக்களுக்குப் பயன்களும் உண்டு என்று அவ்வசனம் ஏன் ஒப்புக்கொள்கிறது என்பது விளங்கும். அல்லாஹ் அப்பயனை மறுக்கவில்லை. பயனைப் பன்மையில் சொல்கிறான். பாவத்தை ஒருமையில் சொல்லி, பயனைவிடப் பாவமே பெரிது என்கிறான். விரிவுரையாளர்கள் மைஸிரின் பயனாக எண்ணியவற்றுள் ஏழைகள் பெற்ற இந்த உதவியும் அடங்கும். ஆகவே 'நற்காரியத்துக்குப் போகிறதே' என்பது 1968இலோ 1994இலோ புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட வாதமன்று. வஹீ இறங்கியபோது மக்காவிலும் மதீனாவிலும் நடைமுறையில் இருந்த வாதம் அது. கேட்கப்பட்டு, எடைபோடப்பட்டு, அதன் பின்னரே தள்ளப்பட்டது. இதை அறியாமல் மைஸிரைச் சுயநலப் பேராசையின் ஆட்டமாக மட்டுமே சித்திரிக்கும் நம் பேச்சாளர்கள், எதிர்வாதத்தின் வலிமையைத் தாங்களே அறியாமல் கூட்டிவிடுகிறார்கள்.

'மைஸிர்' என்ற சொல்லின் வேர் குறித்து ஸமக்‌ஷரீ இரண்டு கருத்துகளைத் தருகிறார். 'யுஸ்ர்', அதாவது எளிமை: உழைப்பின்றிப் பிறர் பொருளை எளிதாய் எடுப்பது. அல்லது 'யஸார்', அதாவது வளமை: ஒருவனிடமிருந்து வளமையைப் பறிப்பது. முதலாவது வென்றவன் பக்கமிருந்து பார்ப்பது. இரண்டாவது இழந்தவன் பக்கமிருந்து. நம் விளம்பர வாசகம் மறைத்த அந்த இரண்டாம் எழுவாய் அரபுச் சொல்லின் வேரிலேயே உட்கார்ந்திருக்கிறது.

அவ்வசனம் அங்கே முடியவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மது, மைஸிர் பற்றிய கேள்விக்கு விடை சொன்ன அதே மூச்சில், எதனைச் செலவிட வேண்டும் என்று அவர்கள் கேட்பதை எடுத்துக்கொண்டு, 'அல்அஃப்வ்' என்று விடை தருகிறது. தன் தேவைக்கும் தன் பொறுப்பிலுள்ளோர் தேவைக்கும் போக எஞ்சியது என்று பெரும்பாலான விரிவுரையாளர்கள் பொருள் கூறுவர். இரு விடைகளும் ஒரே வசனத்தில் அமைந்தது தற்செயலாக நமக்குத் தோன்றவில்லை. மைஸிரை நிறுத்தினால் ஏழைக்குச் சோறு எங்கிருந்து வரும் என்ற அடுத்த கேள்வி இயல்பாகவே எழும். விடை: எஞ்சியதிலிருந்து வரும். அறத்தின் ஊற்று மிச்சமே, குறையன்று. பரிசுச்சீட்டோ இதைத் தலைகீழாக்குகிறது. மிச்சம் உள்ளவர் சீட்டு வாங்கித் தம் நிலையை மாற்றக் காத்திருப்பதில்லை. வாடகைக்கும் அரிசிக்கும் போதாதவர்தாம் காத்திருக்கிறார்.

திருப்பூரின் 15 வேலம்பாளையம் போன்றதோர் ஊரில் இதைக் கண்ணால் காணலாம். 2011இல் மாநகராட்சியோடு இணைந்த இப்பகுதியில் பனியன் தொழில்தான் உயிர்மூச்சு. கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்னிங் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஆட்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர் ஒரு காலத்தில். இன்று பீகார், ஒடிசாவிலிருந்து வந்தோரும் சரிபாதியாகத் தெரிகிறார்கள். சம்பளம் சனிக்கிழமை. பீஸ் ரேட்டில் உழைப்பவருக்கு ஆர்டர் உள்ள வாரம் கை நிறையும். இல்லாத வாரம் கடன். இப்படி ஏறி இறங்கும் வருமானம் உடையவருக்குக் குலுக்கல் அவர் வாழ்க்கையைப் போலவே தோன்றுகிறது என்பதை அறிவுரை கூறுவோர் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

2003இன் தடையோடு இங்கே லாட்டரி ஒழிந்துவிடவில்லை. கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் 'மூணு நம்பர்' வியாபாரம் கொங்குப் பகுதியெங்கும் மறைவில் நடந்து, அவ்வப்போது வழக்குகளாகப் பத்திரிகையில் தலைகாட்டுகிறது. சீட்டு கிடையாது; துண்டுத்தாளில் எழுதிய எண், அல்லது கைப்பேசியில் ஒரு செய்தி. கேரளத்தின் காருண்யா லாட்டரி குலுக்கப்படுவது சனிக்கிழமை பிற்பகல்; இங்கே சம்பளம் வாங்குவதும் சனிக்கிழமை. வாளையாருக்கு அப்பால் ஒரு நோயாளியின் பெயரால் குலுக்கப்படும் எண், வாளையாருக்கு இப்பால் மறைவான பந்தயத்துக்கு அச்சாணியாகிறது. இப்பந்தயத்திலிருந்து எந்த நோயாளிக்கும் ஒரு காசும் போவதில்லை. காருண்யாவின் கணக்கை எழுதும்போது இந்தப் பக்கத்தையும் எழுத வேண்டுமா வேண்டாமா? கேரள அரசு இதற்குப் பொறுப்பல்ல என்பது சட்டத்தின் விடை. சட்டத்தின் விடையோடு நாம் நிறைவடைய இயலவில்லை.

வீட்டுக்கு விழுந்ததும் உண்டு. 2023ஆம் ஆண்டின் திருவோணம் பம்பர் முதற்பரிசு 25 கோடி ரூபாய், திருப்பூரைச் சேர்ந்த நால்வர் கூட்டாக எடுத்திருந்த, வாளையாரில் வாங்கிய சீட்டுக்குக் கிடைத்தது. ஊரே அதைப் பேசியது. தேநீர்க் கடைகளில் பல நாள் வேறு பேச்சில்லை. அந்தப் பம்பரில் விற்றவை 75 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள். சீட்டொன்று 500 ரூபாய். 500 ரூபாய் என்பது இங்கே ஒரு தையல் தொழிலாளியின் ஏறத்தாழ ஒருநாள் உழைப்பு. நால்வரைப் பற்றிப் பேசிய தேநீர்க் கடை, எஞ்சிய எழுபத்தைந்து லட்சத்தைப் பற்றிப் பேசவில்லை. பேசுவதற்கு அவர்களுக்கு முகமில்லை, பெயருமில்லை.

நோய்க்குப் பணம் வேண்டும் என்பதே காருண்யாவின் நியாயமாயின், அதே தொழிலாளியின் சம்பளச் சீட்டில் இன்னொரு வழி இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் 2019 ஜூலை முதல் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகிறார்கள். எவர் பணம், எதற்காக, எவருக்கு என்பது முன்கூட்டியே தெரியும். நோய் வந்தவர் கெஞ்ச வேண்டியதில்லை, உரிமையாய்க் கேட்கலாம். தகாஃபுல் பற்றி எழுதும் நம் அறிஞர்கள் அதன் அடிப்படையாகக் கூறும் ஒத்துழைப்பின் சாயல் இதில் உண்டு. இதன் பட்டியலில் சேர்க்கப்படாத பீஸ் ரேட் தொழிலாளர்களும் காண்ட்ராக்ட் தொழிலாளர்களும் சிறு கம்பெனிகளில் ஏராளம். அவர்களைச் சேர்க்கும்படி கேட்பது கடினமான அறம். அவர்கள் பெயரால் லாட்டரி கேட்பது எளிதான அறம். நம் ஊர் முதலாளிகளில் தொழுகையாளிகளும் உளர் என்பதால் இதை எழுதுகிறோம்.

பங்கீட்டுக்கு மீண்டும் வருவோம். ஜகாத்தின் பங்கீட்டை 9:60ஆம் வசனம் எட்டு வகையினராக வரையறுத்துவிட்டது. இப்பங்கீட்டை அல்லாஹ் ஒரு நபியிடமும்கூட விடாமல் தானே வகுத்தான் என்ற கருத்தில் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடரில் குறை கூறியோர் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின்படி இருக்கும் வகையினர் அனைவருக்கும், வகைக்கு மூவருக்கேனும், பங்கு சேர்ந்தாக வேண்டும். ஹனஃபீ மத்ஹபில் ஒரே வகைக்கு, ஏன், ஒருவருக்கே கொடுத்தாலும் கடமை நிறைவேறும். கடற்கரையூர்க்காரருக்கும் கொங்குப் பகுதிக்காரருக்கும் இடையே இதில் வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஒன்பதாவது வகையைச் சேர்க்க எந்த இமாமும் துணியவில்லை. பள்ளிவாசல் கட்டவும் ஜகாத்தைத் தொடக்கூடாதென்பதே நான்கு மத்ஹபுகளின் நிலை. பிரிட்டனில் தலைப்பு ஆறாகவும், பின் வேறாகவும் மாறிக்கொண்டே இருந்ததையும், இந்தியச் சட்டத்தில் தலைப்பே இல்லாததையும் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கே ஆழ்ந்த வேறுபாடு எண்ணிக்கையிலன்று. ஜகாத் நிஸாபை எட்டியவரிடமிருந்து மட்டும் எடுக்கப்படுகிறது. எட்டாதவரிடம் கைநீட்ட ஆமிலுக்கு உரிமையில்லை. கொடுக்கும் தகுதியை முதலில் நிர்ணயித்து, பெறும் தகுதியை அடுத்து நிர்ணயிக்கிறது ஷரீஅத். லாட்டரி நிதியைப் பங்கிடும் வாரியங்கள் இரண்டாவதைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் வாதிடுகின்றன. முதலாவதை எவரும் கேட்பதில்லை. ஜகாத்தில் எவரிடம் பெற்றுக் கொடுக்க வேண்டுமோ அவரிடமே பறித்து அவருக்கே கொடுக்கும் அறம் இது.

தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டைப் பற்றியும் ஒரு சொல். ஜனவரியில் லாட்டரி தடைசெய்யப்பட்டது. நம்மவர்கள் மகிழ்ந்தோம், வரவேற்றுத் தீர்மானங்கள் நிறைவேற்றினோம். அதே ஆண்டு நவம்பரில் மதுச் சில்லறை விற்பனையை அரசின் டாஸ்மாக் நிறுவனமே ஏற்றுக்கொண்டது. மதுவும் மைஸிரும் என்று ஒரே வசனம் இணைத்துச் சொன்ன இரண்டில் ஒன்றை அரசு விட்டது, மற்றொன்றை அரவணைத்தது. 2023-24இல் மதுவின் வழியே கருவூலத்துக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். நலத்திட்டங்களுக்கு வேறு பணம் ஏது என்ற வாதம் இன்று லாட்டரியிலிருந்து மதுவுக்கு இடம்பெயர்ந்திருக்கிறது, அவ்வளவே. லாட்டரியைத் தடைசெய்ததற்குப் பாராட்டிய நாம் அவ்வாதத்தை அப்போதே எடுத்துப் பேசியிருப்பின், நவம்பரில் பேசவும் நமக்கு வாய் இருந்திருக்கும்.

குலுக்கல் அனைத்தும் மைஸிரா என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவதுண்டு. இல்லை. மர்யம் (அலை) அவர்களைப் பொறுப்பேற்பது யார் என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவுசெய்ததைக் குர்ஆன் கூறுகிறது (3:44). நபி (ஸல்) அவர்கள் பயணத்தில் துணைவியரில் எவரை அழைத்துச் செல்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள். ஹஜ் கமிட்டி இன்றும் விண்ணப்பதாரரைக் 'குர்ஆ' எடுத்தே தேர்கிறது. வேலம்பாளையம் கம்பெனிப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் குலுக்கல் சீட்டில், ஒவ்வொருவரும் போட்ட தொகையை ஒவ்வொரு மாதம் ஒருவராகப் பெற்றுவிடுகிறார்கள். குலுக்கல் முறையைத்தான் தீர்மானிக்கிறது, இழப்பைத் தீர்மானிப்பதில்லை. குர்ஆ என்பது சம உரிமையுள்ளோரிடையே வரிசையை வகுப்பது. மைஸிர் என்பது ஒருவரின் இழப்பால் இன்னொருவரின் உரிமையை உண்டாக்குவது. பையும் அம்பும் ஒன்றாயிருக்கலாம், ஹுக்ம் வேறு.

இந்திய நீதிமன்றங்களும் இவ்வேறுபாட்டைத் தம் வழியில் எட்டியிருக்கின்றன. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டத்தின் தன்மையை இழப்பதில்லை என்பது 1999இல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொண்ட கருத்து. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்குப் பந்தயம், கேசினோ ஆகியவற்றோடு சேர்த்து 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. விதிக்கப்படுகிறது. காருண்யாவுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் ஒரே விழுக்காடு.

இப்போது அந்த நோயாளியின் கேள்வி. இதற்கு நேரான முன்மாதிரி ஒன்று நம்மிடம் உண்டு. ஆதரிப்போர் அதையே சான்றாக்கவும் கூடும். ரோமர்கள் மீண்டும் வெல்வார்கள் என்று சூரத்துர் ரூம் அறிவித்தபோது அபூபக்ர் (ரலி) குறைஷியரோடு பந்தயம் கட்டினார்கள். சூதாட்டம் தடைசெய்யப்படுவதற்கு முன் நடந்தது அது. வென்ற பொருளைக் கொண்டுவந்தபோது, இது 'ஸுஹ்த்', இதைத் தருமமாகக் கொடுத்துவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அறிவிக்கப்படுகிறது. இமாம் கஸ்ஸாலீ இஹ்யாவில் ஹலால் ஹராம் பற்றிய பகுதியில் இதை எடுத்தாள்கிறார். அதே இடத்தில் ஃபுளைல் இப்னு இயாளின் மாற்றுக்கருத்தையும் காட்டுகிறார்: தம் கைக்கு வந்த இரு திர்ஹம் தூயதன்று என்றறிந்ததும் அவர் அதைக் கற்களுக்கிடையே எறிந்துவிட்டார், தூயதையன்றித் தருமம் செய்யமாட்டேன் என்பது அவர் பேணுதல். உரியவரைக் கண்டறிய இயலாத பொருளை வீணாக்குவதினும் ஏழைக்குக் கொடுப்பதே தகும், பெறும் ஏழைக்கு அது ஆகுமானது என்பது கஸ்ஸாலீயின் முடிவு. கொடுத்தவருக்கு நன்மை எதிர்பார்க்க இடமில்லை; கை கழுவியதே அவர் பெற்றது.

அபூபக்ர் (ரலி) அவர்களுக்குச் சொல்லப்பட்டது, வந்துவிட்ட பொருளை அகற்றும் வழி. ஏழைக்கு வேண்டுமென்று இனிமேல் பந்தயம் கட்டும் வழியன்று. காருண்யா நிதியில் சிகிச்சை பெற்ற நோயாளி முதல் வகையின் முனையில் நிற்கிறார். அவர்மேல் குற்றமில்லை, அவரிடம் சென்று ஃபத்வா பேசுவது பண்புமன்று. குலுக்கலை நடத்தி, விளம்பரம் செய்து, அடுத்த வாரத்துக்கு அச்சிடுவோர் இரண்டாம் வகையில் நிற்கிறார்கள். நோயாளியை முன்னே நிறுத்தித் தாம் பின்னே நிற்பதுதான் அவ்வாதத்தின் அமைப்பு. இருவரையும் பிரித்து வைத்தால் வாதம் தானே தளர்கிறது. பள்ளிவாசலும் மத்ரஸாவும் அத்தகைய நிதியைக் கேட்டு விண்ணப்பிப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பிரிட்டனில் சில திருச்சபைகளே லாட்டரிப் பணத்தை ஏற்பதில் தயங்கின. நம் நிலையங்கள் ஒதுங்குவதே தகும் என்பது நம் கருத்து. விண்ணப்பிப்பவர் அடுத்த குலுக்கல் நடக்க வேண்டுமென்று விரும்பத் தொடங்கிவிடுகிறார்.

ஆயினும் ஒதுங்கி நிற்பவர் கைகாட்ட வேறொரு வாசல் இருக்க வேண்டும். கடற்கரையூர்கள் சிலவற்றில் பைத்துல்மால்கள் ஆண்டு முழுதும் நோயாளியின் மனுவைப் பெற்று, விசாரித்து, பணம் தருகின்றன. உள்நாட்டு ஜமாஅத்துகள் பலவற்றில் ரமளானின் கடைசி வாரத்தில் டோக்கன் கொடுத்து, வரிசை நிறுத்தி, புடவையும் ஐம்பது நூறு ரூபாயுமாக ஜகாத் தீர்ந்துவிடுகிறது. ஷவ்வாலில் வரும் சிறுநீரக நோய்க்கு அக்கணக்கில் எஞ்சுவது ஒன்றுமில்லை.